மொட்டை போடாமல் திரும்பும் சுருட்டை

நிரந்தரமாக நேராக்கிய முடி மறுபடி சுருளாது. சுங்குவார்சத்திரத்தில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் பார்லர் நடத்தும் அக்கா, சுருட்டையைத் திரும்பக் கேட்டு வரும் பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்ததும் முதலில் சொல்வது இதைத்தான். எண்ணெயோ, மாஸ்க்கோ, ஸ்பாவோ, கடையில் விற்கும் எந்த சீரமோ அந்த முடியைப் பழையபடி ஆக்காது. இனி வேரிலிருந்து வளர்ந்து வருவதுதான் சுருட்டையாக வரும். இதைக் கேட்டதும் எதிரே கண்ணாடியில் தெரியும் முகம் வாடிவிடும். அடுத்து வரும் கேள்வியும் எப்போதும் ஒன்றுதான்: "அப்போ எல்லாத்தையும் வெட்டிடணுமாக்கா?"

வெட்ட வேண்டாம். இரண்டு வருஷம், சிலருக்கு மூன்று வருஷம், இரண்டு விதமான முடியையும் ஒரே தலையில் உடையாமல் வைத்துக்கொள்ளத் தெரிந்தால் போதும். அதைக் கற்றுக்கொடுப்பதுதான் இன்று அவருடைய வேலையில் பெரும்பகுதி. "முடியை நேராக்கிக் கொடுக்க ஊர் முழுக்கக் கடை இருக்கு. திரும்பி வர வழி சொல்ல ஒரு கடையாவது வேணாமா?" என்று கேட்கிறார்.

ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி மாம்பாக்கம், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் என்று விரியும் சிப்காட் பகுதியில் அவருடைய வாடிக்கையாளர்கள் யார் என்பதைச் சொன்னால்தான் இந்த வேலையின் சிரமம் புரியும். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். கைபேசியும் மின்னணுப் பொருட்களும் செய்யும் ஆலைகள் நெருக்கமாக நிற்பது இந்தப் பக்கத்தில். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட குடியிருப்பு வளாகத்தில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். அதற்கு வெளியே எத்தனையோ தனியார் ஹாஸ்டல்கள், ஒரு அறையில் ஆறு பேர் எட்டு பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீடுகள். திருவண்ணாமலை, விழுப்புரம், தர்மபுரி, தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள். ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். பெரும்பாலும் 19, 20 வயது. முதன்முதலாகக் கையில் சொந்தச் சம்பளம்.

அந்தச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பியது போக மீதி சேர்ந்ததும், தீபாவளி போனஸ் வந்ததும், சுருட்டை முடிக்காரிகள் பலர் செய்துகொள்ளும் முதல் பெரிய செலவு முடியை நேராக்குவது. அக்கா இதைக் குறையாகச் சொல்வதில்லை. பள்ளிக்கூடத்தில் 'பரட்டை' என்று கூப்பிடப்பட்ட பிள்ளைகள் அவர்கள். 1977இல் வந்த '16 வயதினிலே' படத்தில் ரஜினிகாந்தின் பாத்திரத்துக்கு அந்தப் பெயர். படத்தைப் பார்த்தே இராத தலைமுறைக்கும் பெயர் மட்டும் வகுப்பறை வழியாக வந்து சேர்ந்துவிட்டது. மிளகளவு இறுக்கமாகச் சுருளும் முடியோடு வந்த ஒரு பெண், ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிப் படம் எதையும் வைத்துக்கொண்டதில்லை என்று சொன்னதை அவர் மறக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் போய் இயற்கையே அழகு என்று பேசுவது நியாயமில்லை என்பது அவர் எண்ணம். கேட்டு வந்தால் நேராக்கியும் கொடுக்கிறார். ஆனால் என்ன போடுகிறார், அது எத்தனை காலம் நிற்கும், வேண்டாமென்றால் எப்படித் திரும்புவது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கையுறை போடுகிறார்.

திரும்பக் கேட்டு வருபவர்கள் கூட்டம் எப்போது சேரத் தொடங்கியது என்று அவரால் ஓரளவு சொல்ல முடிகிறது. 2015இல் 'ஓ காதல் கண்மணி'யில் நித்யா மேனன், 'பிரேமம்' படத்தில் அனுபமா பரமேஸ்வரன் என்று அடுத்தடுத்து இரண்டு சுருட்டைத் தலைகள் திரையில் வந்தன. 'பிரேமம்' மலையாளத்திலேயே சென்னையில் மாதக்கணக்கில் ஓடியது. கைபேசியில் அனுபமாவின் படத்தைக் காட்டி, "எனக்கும் இப்படித்தானேக்கா இருந்துச்சு" என்று கேட்கும் குரல்கள் அதற்குப் பிறகு வந்தவை. வேறு காரணத்தோடு வருபவர்களும் உண்டு. கிரீம் போட்ட இடத்தில் உச்சந்தலை எரிந்து புண்ணானவர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேர்ப்பகுதிக்கு டச்சப் செய்து கட்டுப்படியாகாதவர்கள். கர்ப்பமானவர்கள். இப்போது செய்தி படித்துவிட்டு வருபவர்களும் சேர்ந்திருக்கிறார்கள்.

செய்தி என்பது சும்மா இல்லை. அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2022 அக்டோபரில் வெளியானது. முடியை நேராக்கும் பொருட்களை ஓராண்டில் நான்கு தடவைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.05 விழுக்காடு என்றும், பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 விழுக்காடு என்றும் அது கணக்கிட்டது. ஒன்றால்தான் மற்றது வந்தது என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. கவனிக்க வேண்டிய தொடர்பு என்றது. 2024இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த குறிப்பு இன்னும் நேரடியானது. 26 வயதுப் பெண் ஒருவர் 2020, 2021, 2022 என மூன்று முறை முடியை நேராக்கினார். மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. அவருக்குப் போட்ட கிரீமில் இருந்தது கிளையாக்சிலிக் அமிலம். நேராக்கும் கிரீமில் ஃபார்மலின் இருக்குமோ என்று பயந்தவர்களிடம் 'ஃபார்மலின் இல்லாதது' என்று சொல்லி விற்கப்படும் பல பொருட்களில் இருப்பது இந்த அமிலம்தான். அதைப் படித்த நாளிலிருந்து அக்கா டப்பாவின் பின்பக்க எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்காமல் எதையும் வாங்குவதில்லை.

வருபவரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, என்ன செய்துகொண்டீர்கள் என்பது. பெரும்பாலும் "ஸ்ட்ரெய்ட்டனிங்" என்ற ஒரே பதில்தான் வரும். அதற்குள் மூன்று, நான்கு வேறு காரியங்கள் இருக்கின்றன. ரீபாண்டிங்கும் ஸ்மூத்தனிங்கும் பெரும்பாலும் தயோகிளைகோலேட் கிரீமால் செய்யப்படுபவை. முடியின் புரதத்தைச் சுருளாகப் பிடித்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை அந்தக் கிரீம் அவிழ்க்கிறது. 200 டிகிரி அளவுக்குச் சூடான அயர்ன் முடியைத் தட்டையாக்குகிறது. பிறகு போடும் நியூட்ரலைசர் பிணைப்புகளைப் புதிய வடிவத்தில் பூட்டிவிடுகிறது. அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் தலைமுறைகளாகப் போட்டுவந்த ரிலாக்சர் இதைவிடக் கடுமை. அதில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு. அது பிணைப்பை அவிழ்த்துக் கட்டுவதில்லை, வேறொன்றாகவே மாற்றிவிடுகிறது. இந்த இரண்டும் நிரந்தரம். கெரட்டினும் 'போட்டாக்ஸ்' என்று விற்கப்படுவதும் வேறு வகை. அவை மேலே ஒரு பூச்சுப்போலப் படிந்து நான்கைந்து மாதத்தில் கழன்றுவிடுபவை. அயர்ன் சூட்டில் முடி வெந்துபோகாமல் இருந்தால் சுருள் தானாகவே எழுந்து வரும்.

ஆகையால் அவர் பின்னந்தலையிலிருந்து ஒரு சிறு கொத்தைப் பிரித்து நனைத்துப் பார்க்கிறார். தண்ணீர் பட்டதும் நெளிந்து எழுந்தால் கெரட்டின், காத்திருந்தால் போதும். ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு அவர் செய்தது அவ்வளவுதான்: ஐந்து மாதம் அயர்ன் வேண்டாம் என்று இந்தியில் எழுதிக் கொடுத்தார், முடி திரும்பிவிட்டது. நனைந்த பிறகும் ஈரக் கயிறுபோல நேராகத் தொங்கினால் தயோ. அவர்களுக்குத்தான் நீண்ட பாதை.

அந்தப் பாதையின் கணக்கை அவர் கண்ணாடி ஓரத்தில் ஒட்டிய தாளில் எழுதிக் காட்டுவார். முடி மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றேகால் சென்டிமீட்டர் வளரும்; வருஷத்துக்குச் சுமார் 15. தோலுக்கடியில் இருக்கும் முடிக்குழியின் வளைவுதான் சுருளைத் தருகிறது. எந்தக் கிரீமும் அந்த வளைவை மாற்றுவதில்லை. எனவே புதிதாக வருவது நிச்சயம் சுருட்டை. தலையில் இப்போது 45 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நுனியில் இரண்டரை சென்டிமீட்டர் மட்டும் யூ வடிவத்தில் ட்ரிம் செய்தால், வளர்வதும் வெட்டுவதும் சமம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நீளம் குறைந்ததே தெரியாது. மூன்று வருஷத்தில் நேர்முடி முழுக்கப் போய்விடும். தோள்வரை போதும் என்பவர்களுக்கு இரண்டு வருஷம்.

ஆனால் கணக்கில் வராத ஒன்று உண்டு. இறுக்கமாகச் சுருளும் முடி தன் நீளத்தில் பாதிக்கு மேல் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு வருஷம் பொறுத்து 15 சென்டிமீட்டர் வளர்த்தவருக்குக் கண்ணாடியில் தெரிவது ஆறோ ஏழோதான். "வளரவே மாட்டேங்குதுக்கா" என்று அழுதுகொண்டு வருபவர்களின் ஒரு சுருளை நனைத்து, விரலால் மெல்ல நீட்டி, ஸ்கேல் வைத்து அளந்து காட்டுவார். வாயால் சொல்லும் ஆறுதலைவிட ஸ்கேலுக்கு மரியாதை அதிகம். லைனில் நாள் முழுக்க அளவு பார்த்து வேலை செய்யும் பிள்ளைகள் அவர்கள்.

எல்லா ஆபத்தும் புதுமுடியும் பழைய முடியும் சேரும் இடத்தில் இருக்கிறது. கரும்பின் கணு மாதிரி அந்த இடத்தில் தடிமன் மாறும், போக்கு மாறும். உடைவது அங்கேதான். மேலே சுருள் இறுகிப் பிடித்திருக்க, கீழே நேர்முடி கனமாகத் தொங்க, சீப்பு மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக வந்தால் கணுவில் அறுந்துவிடும். நம் வீடுகளில் தலைவாருவதோ அப்படித்தான்: உச்சியில் சீப்பை வைத்து நுனிவரை இழுப்பது. அதை மாற்றுவதற்கே அவர் அதிக நேரம் செலவிடுகிறார். முடியை நான்காகப் பிரிக்க வேண்டும். ஈரமாக, கண்டிஷனர் வழுக்கும்போது மட்டும் சிக்கெடுக்க வேண்டும். முதலில் விரல், பிறகு பெரிய பல் சீப்பு. நுனியில் தொடங்கி மெல்ல மெல்ல மேலே ஏற வேண்டும். கணுவை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டால் இழுப்பு அதுவரை போகாது.

தலையணையில் கிடக்கும் முடியைப் பொறுக்கிக் கொண்டுவரச் சொல்வதும் அவர் வழக்கம். ஒரு முனையில் வெள்ளையாகச் சிறு புள்ளி இருந்தால் அது வேரோடு தானாக உதிர்ந்தது; நாளுக்கு ஐம்பது முதல் நூறு வரை எல்லோருக்கும் உதிர்வது. புள்ளி இல்லாமல் துண்டாக இருந்தால் உடைந்தது. சீப்பிலோ கட்டுவதிலோ தவறு. பிரசவமாகி மூன்று நான்கு மாதத்தில் கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது என்று ஓடிவரும் பெண்களின் முடியில் அநேகமாக அந்த வெள்ளைப் புள்ளி இருக்கும். அது பிரசவத்துக்குப் பின் வரும் இயல்பான உதிர்வு. கிரீமின் வேலையோ ட்ரிம்மிங்கின் வேலையோ இல்லை. அவர்களுக்குக் கைவைத்தியம் எதுவும் செய்யாமல் இரும்புச்சத்து பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைக்கு அனுப்புகிறார்.

ஹாஸ்டலில் பேன் என்பது தீராத கதை. பேன் சீப்பு கணுவுக்குப் பெரிய எதிரி; பேனோ ஒருத்தியிடம் வந்தால் அறைக்கே வரும். மருந்துக்கடையில் கிடைக்கும் 1 விழுக்காடு பெர்மெத்ரின் லோஷனைப் போட்டு அலசி, தலை நிறையக் கண்டிஷனர் பூசி, சிறு சிறு கொத்தாகப் பேன் சீப்பை ஓட்ட வேண்டும். ஏழு முதல் பத்து நாள் கழித்து மறுபடி ஒருமுறை. அறையில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே நாளில் செய்ய வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பு. ஒருத்தி மட்டும் செய்தால் உழைப்பு வீண்.

அடுத்தது தண்ணீர். இங்கே பெரும்பாலான ஹாஸ்டல்களில் குளிக்க வருவது போர்வெல் தண்ணீர், உப்பு. குழாய்மேல் வெள்ளையாகப் படிவது முடிமேலும் படிகிறது. சுருட்டைக்கு ஏற்கெனவே எண்ணெய்ப்பசை நுனிவரை இறங்காது, இந்தப் படிவும் சேர்ந்தால் தேங்காய் நார்தான். மாதத்துக்கு ஒருமுறை உப்பை நீக்கும் ஷாம்பூ, கடைசி ஒரு சொம்பு மட்டும் குடிதண்ணீர் என்பது அவர் சொல்லும் ஏற்பாடு. குளிப்பதற்கு முந்தின இரவு தேங்காய் எண்ணெய். இதில் மட்டும் பாட்டி சொன்னதற்கும் ஆய்வுக்கும் சண்டையில்லை. ஆர்த்தி ரெலேயும் மொஹிலேயும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் கரைந்துபோவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. வடித்த கஞ்சியில் சீயக்காய்த்தூளைக் கரைத்துத் தேய்ப்பதையும் அவர் ஆதரிக்கிறார். கஞ்சி இல்லாத வெறும் சீயக்காய் நேராக்கிய நுனியை வறளவைக்கிறது. முட்டையை மட்டும் ஒப்புக்கொள்வதில்லை. முட்டைப் புரதம் முடிக்குள் புக முடியாத அளவு பெரியது, நாற்றம்தான் மிச்சம்.

இந்த ஊருக்கே உரிய பிரச்சினை தொப்பி. தூசு கூடாத பிரிவுகளில் முடி ஓர் இழைகூட வெளியே தெரியக்கூடாது. ஷிப்டு முழுக்கத் தலை தொப்பிக்குள் வேர்க்கிறது. சீக்கிரம் முடிய வேண்டுமென்று எல்லோரும் உச்சிக்குப் பின்னால் இறுக்கிக் கொண்டை போடுகிறார்கள். ஒரே இடத்தில், ஒரே இறுக்கத்தில், தினமும். கணுவில் உடைவதோடு நெற்றியோரமும் காதுக்கு மேலேயும் முடி பின்வாங்கத் தொடங்கிவிடுகிறது. இழுவையால் வரும் இந்த வழுக்கையை நாள்பட விட்டால் முடிக்குழியே அழிந்துவிடும். பிறகு சுருட்டையும் இல்லை, நேரும் இல்லை.

அக்கா இதற்குக் கண்டுபிடித்த வழி இரண்டு தளர்வான பிரெஞ்சுப் பின்னல். நெற்றியிலிருந்து தலையோடு ஒட்டி இரண்டு பக்கமும் பின்னி, நுனிகளைப் பிடரியில் குறுக்கே மடித்து, இரண்டு கொண்டை ஊசி. தொப்பி தட்டையாக உட்காரும். சுருளும் நேரும் பின்னலுக்குள் ஒன்றாகக் கட்டுண்டு கிடப்பதால் கணுவில் தனியாக இழுவை இல்லை. ஞாயிறு பின்னினால் புதன்வரை தாங்கும். அதுவரை விரல் நுனியால் உச்சந்தலையை மட்டும் கழுவிக்கொள்ளலாம். அறையில் இரண்டு பேர் கற்றுக்கொண்டால் ஒருவருக்கொருவர் போட்டுவிடலாம் என்பதால், தனியாக வந்தவரையும் அடுத்த முறை தோழியோடு வரச்சொல்கிறார்.

இங்கே அவர் சொல்லும் ஒன்று சிந்திக்கத்தக்கது. அரசுப் பள்ளியில் எண்ணெய் தடவி, இரட்டைச் சடை பின்னி, மடித்து ரிப்பன் கட்டியதை இந்தப் பிள்ளைகள் வெறுத்தார்கள். அந்த முடியோ அப்போது உடையாமல் இடுப்புவரை வளர்ந்தது. கட்டாயமாக இருந்ததால் அதன் பயன் யாருக்கும் தெரியாமல் போயிற்று. இப்போது அதே இரட்டைச் சடையைத்தான், எண்ணெயைக் குறைத்து, இறுக்கத்தைத் தளர்த்தி, அவர் திரும்பக் கொடுக்கிறார்.

விடுமுறை நாளில் முடியை விரித்துப்போட ஆசை வரும். வேர்ப்பக்கம் சுருள், நுனிப்பக்கம் குச்சி என்று தெரிவதுதான் பலரை மறுபடி அயர்னிடம் விரட்டுகிறது. பழைய காட்டன் துப்பட்டாவை விரலகலக் கீற்றுகளாகக் கிழித்து, ஈர முடியைச் சிறு கொத்தாக அதில் சுற்றி முடிந்துகொண்டு தூங்கினால், காலையில் நேர்முடியும் சுருண்டிருக்கும். அன்று மாலைவரை நிற்கும், மழைக்காலத்தில் மதியம்வரை. பிடிப்புக்கு ஆளிவிதை ஜெல் நல்லது. இரண்டு கப் தண்ணீரில் கால் கப் ஆளிவிதையைக் கொதிக்கவைத்து, முட்டை வெண்கருபோல வந்ததும் சூட்டோடு துணியில் வடிகட்டினால் தயார். ஹாஸ்டலில் அடுப்பில்லாதவர்களுக்கு அவர் சொல்வது செம்பருத்தி இலை. ஒரு கைப்பிடி இலையைத் தண்ணீரில் போட்டுக் கசக்கினாலே வழுவழுப்பு இறங்கிவிடும். அவர் கடை வாசலில் இரண்டு செம்பருத்திச் செடிகள் இதற்காகவே நிற்கின்றன. பூவைச் சாமிக்கும் இலையைத் தலைக்கும் பறித்துக்கொள்ளலாம், கேட்க வேண்டியதில்லை.

இவ்வளவும் எதற்கு, திருத்தணிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டால் ஒரே நாளில் முடிந்ததே என்று ஊரிலிருந்து அம்மாக்கள் போனில் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் இது யாருக்கும் வினோதமாகப் படாது. வேண்டிக்கொண்டு முடி இறக்கும் ஊரில் மொட்டைக்கு மரியாதை உண்டு. சிலர் அப்படியே செய்து, சந்தோஷமாகப் புதுமுடியோடு வந்தும் இருக்கிறார்கள். ஆனால் 22 வயதில், வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருக்கும்போது, எல்லோராலும் முடியாது. வேண்டுதல் இல்லாமல் முடி இறக்க மனம் ஒப்பாதவர்களும் உண்டு. வேறு மதத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் நீண்ட வழி.

நீண்ட வழியை அவர் கற்றது கறுப்பினப் பெண்களின் வீடியோக்களிலிருந்து. ஆங்கிலம் முழுக்கப் புரியாது; கைகளைப் பார்த்துக் கற்றார். ரிலாக்சரை நிறுத்திவிட்டு முழுமுடியையும் ஒரேயடியாக வெட்டிக்கொள்பவர்கள் ஒரு பக்கம், பின்னலிலேயே வருஷக்கணக்கில் வளர்த்து நுனியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொள்பவர்கள் ஒரு பக்கம் என்று அங்கே இரண்டு வழியும் பல காலமாக இருக்கிறது. முடியின் இயல்பான தோற்றத்தைக் காரணம் காட்டி வேலையிலோ பள்ளியிலோ ஒதுக்கக்கூடாது என்று கலிபோர்னியா 2019இல் சட்டமே இயற்றியது. அமெரிக்காவில் விற்கும் சவுரிக்கும் நம் பக்கத்துக்கும் உறவு உண்டு. திருமலையில் இறக்கிய முடி ஏலம்போய் உலகமெங்கும் செல்கிறது. கிறிஸ் ராக் 2009இல் வெளியிட்ட 'குட் ஹேர்' ஆவணப்படம் அந்த முடியைத் தேடி இந்தியாவுக்கே வந்தது. அந்த வீடியோக்களில் கற்றதை அப்படியே இங்கே செய்ய முடியாது என்பதும் அவர் அனுபவம். அந்தக் கறுப்பினப் பெண்கள் வாரம் ஒருமுறையோ அதற்கும் மேலோ தள்ளித் தலைகுளிக்கிறார்கள். மே மாத வெயிலில் தொப்பிக்குள் வேர்த்த தலைக்கு அது ஒத்துவராது. பொடுகும் அரிப்பும் வந்துவிடும். மூன்று நாளைக்கு ஒருமுறை உச்சந்தலைக் கழுவல் என்பது இந்த ஊருக்காக அவர் செய்துகொண்ட திருத்தம்.

பாதி வழியில் பெரும் சோதனை பெண் பார்க்கும் நாள். எட்டு மாதம், பத்து மாதம் காத்துவிட்டு, "வர்ற ஞாயித்துக்கிழமை வர்றாங்கக்கா, வேர்ல மட்டும் ஒரு டச்சப் போட்டுடுங்க" என்று வருவார்கள். போட்டால் அதுவரை வளர்ந்த அத்தனையும் போச்சு. அவர் அன்றைக்கு மட்டும் ஈரத்தோடு வழித்து வாரி, தாழ்வாகப் பின்னி, தேவைப்பட்டால் சவுரி சேர்த்து, மேலே மல்லிகைச் சரம் சுற்றி அனுப்புகிறார். கல்யாணமே கூடிவந்தால் கவலையே இல்லை. பூ ஜடைக்குள் எந்த முடி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. முகூர்த்தத்துக்காக மணப்பெண்ணுக்கு ரசாயனம் போடத் தேவையில்லை என்று அம்மாக்களிடம் அவரே பேசுகிறார்.

திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி அப்படி இரண்டரை வருஷம் தாக்குப்பிடித்தாள். மூன்று முறை ரீபாண்டிங் செய்த முடி, முதலில் வந்தபோது கணுவில் கைவைத்தாலே பொடியாகக் கொட்டியது. நடுவில் ஷிப்டு மாறியது, ஹாஸ்டல் மாறியது, நிச்சயதார்த்தம் ஒன்று நடந்தது. ஒவ்வொரு ட்ரிம்மிங்குக்கும் கணு எங்கே இறங்கியிருக்கிறது என்று தோள், கழுத்து, காது மடல் என அடையாளம் சொல்லி இருவரும் பார்த்துக்கொள்வார்கள். கடைசி நேர்முடி போன நாளில் அவள் கேட்டது, இந்த முடியைப் பின்னாமல் எப்படி வைத்துக்கொள்வது என்று. விரித்த சுருட்டையோடு வாழ்ந்து அவளுக்குப் பழக்கமே இருந்ததில்லை. அதற்கு வேறு பாடம் தொடங்க வேண்டியிருந்தது.

எல்லோரும் முடிப்பதில்லை. பாதியில் விட்டு மறுபடி நேராக்கிக்கொண்டவர்களும் அதே நாற்காலிக்கு வருகிறார்கள், அவர் முகம் சுளிப்பதில்லை. வருமானம் என்று பார்த்தாலும் இது நஷ்டம்தான்: ஒரு ரீபாண்டிங்குக்கு ஆயிரக்கணக்கில் வாங்கலாம், ட்ரிம்மிங்குக்கு நூறு, நூற்றைம்பது. ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருஷக்கணக்கில் வருகிறார்கள், அறைத்தோழிகளைக் கூட்டிவருகிறார்கள் என்பதையும் அவர் சொல்கிறார்.

இப்போது அவர் மற்ற பார்லர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டிருப்பது ஒரு துண்டுச்சீட்டு. முடியை நேராக்கும் ஒவ்வொருவருக்கும் என்ன கிரீம், தயோவா ஹைட்ராக்சைடா அமிலமா, என்ன தேதி, வேரிலிருந்து எவ்வளவு தள்ளிப் போட்டது என்று நாலு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். தயோ போட்ட தலையில் தெரியாமல் ஹைட்ராக்சைடு போட்டால் முடி கையோடு வந்துவிடும். சிறுநீரகத் தொல்லை என்று போகிறவர்களிடம் மருத்துவர் கேட்டாலும் காட்ட ஏதாவது இருக்க வேண்டும். அவர் கடையில் கார்பன் தாள் வைத்த பில் புத்தகத்தையே இதற்குப் பயன்படுத்துகிறார். ஒரு பிரதி பெண்ணிடம், ஒரு பிரதி கடையில். ஒரகடம் பக்கத்தில் இரண்டு கடைகள் ஒத்துக்கொண்டு எழுதத் தொடங்கியிருக்கின்றன. படப்பையில் ஒருவர், கிரீம் டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தால் தானும் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த திங்கள், கடை விடுமுறை நாளில், பூதக்கண்ணாடியையும் காலி டப்பாக்களையும் எடுத்துக்கொண்டு அங்கே போவதாக இருக்கிறார்.